குத்தகை என்னும் சொல்: காவிரிப் படுகையின் எண்ணெய்க் கிணறுகளும் நிலமற்றவர்களும்



காரணைப் பஞ்சமி நிலப் போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்த ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவரின் நினைவாக இந்தச் சொற்பொழிவு நடக்கிறது. நிலம் கேட்டதற்காக இறந்தவர்கள் அவர்கள். யாருடைய நிலத்தையும் அவர்கள் பிடுங்கவில்லை. தங்கள் முன்னோருக்கு அரசே கொடுத்த நிலத்தைத்தான் திரும்பக் கேட்டார்கள். அவர்களை நினைக்கும் நாளில் ஹைட்ரோகார்பனைப் பற்றி எதற்குப் பேச வேண்டும் என்று சிலருக்குத் தோன்றலாம். இரண்டும் ஒரே கேள்விதான் என்று நாம் நினைக்கிறோம். பொது நிலம் என்று ஒன்று இருந்தால், அந்தப் ‘பொது’வில் நாம் இருக்கிறோமா இல்லையா?

‘குத்தகை’ என்ற சொல்லிலிருந்து தொடங்குவோம். டெல்டாவில் இந்தச் சொல்லுக்கு ஒரு ரத்த வாடை உண்டு. கோயில் நிலம், மடத்து நிலம், மிராசுதார் நிலம் என்று எதை எடுத்தாலும் உழுதவன் குத்தகைக்காரனாக இருந்தான், அல்லது அதற்கும் கீழே பண்ணையாளாக இருந்தான். 1955-இல் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1969-இல் குத்தகை உரிமையைப் பதிவு செய்யும் சட்டம் வந்தது. ஆனாலும் வாய்மொழியாகவே நிலம் உழுதவர்களின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. அவர்களில் பெரும்பாலோர் யார் என்று இந்த அவைக்குச் சொல்லத் தேவையில்லை. நம் ஆட்கள் ஒரு ஏக்கருக்குக் குத்தகைச் சீட்டு வாங்க மூன்று தலைமுறை அலைந்தார்கள். அதே மண்ணில் ஒரு நிறுவனம் நூற்றுக்கணக்கான சதுர கிலோமீட்டருக்குச் சுரங்கக் குத்தகை வாங்குகிறது, ஊருக்கே வராமல்.

இது எப்படி நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்ளாமல் எதிர்க்க முடியாது. வயலின் மேல்மண்ணுக்குப் பட்டா உண்டு. அடியில் இருக்கும் எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் பட்டா இல்லை, அது அரசுக்குச் சொந்தம். 1948-ஆம் ஆண்டின் எண்ணெய் வயல்கள் சட்டமும், அதன் கீழான பெட்ரோலியம், இயற்கை எரிவாயு விதிகளும் இதற்கு அடிப்படை. எந்தப் பகுதியை ஏலம் விடுவது என்பதை ஒன்றிய அரசு முடிவு செய்கிறது. கரைப்பகுதி நிலம் என்றால், ஒன்றிய அரசின் ஒப்புதலோடு குத்தகையை எழுதித் தருவது மாநில அரசு. ஆகவே ‘எங்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, எல்லாம் டெல்லி செய்தது’ என்று சென்னையில் யார் சொன்னாலும் அது பாதி உண்மைதான். மாநில அரசு எழுதித் தராமல் குத்தகை இல்லை.

2016-இல் வந்த புதிய கொள்கை இன்னொரு வேலையைச் செய்தது. அதற்கு முன் எண்ணெய்க்கு ஓர் உரிமம், நிலக்கரிப் படுகை மீத்தேனுக்கு ஓர் உரிமம், ஷேல் வாயுவுக்கு இன்னொன்று என்று தனித்தனியாக இருந்தது. இப்போது ஒரே உரிமத்தில் எல்லாவற்றையும் எடுக்கலாம். ஊர்க்காரர்கள் ‘மீத்தேன் வேண்டாம்’ என்று சொல்லி முடித்தபோது, மீத்தேன் ‘ஹைட்ரோகார்பன்’ என்ற பொதுப்பெயருக்குள் போய் உட்கார்ந்திருந்தது. பெயரை மாற்றிக்கொண்டு வருவது நமக்குப் பழகிய தந்திரம்தானே. பண்ணையாள் என்ற பெயர் போய் விவசாயத் தொழிலாளி என்ற பெயர் வந்த பிறகும் கூலி மட்டும் அப்படியே இருந்ததைப் பார்த்தவர்கள் நாம்.

காவிரிப் படுகையில் எண்ணெய் எடுப்பது புதிதல்ல. 1980-களிலிருந்தே நரிமணம் பகுதியில் ஓ.என்.ஜி.சி. எண்ணெய் எடுத்து வருகிறது. 1993-இல் பனங்குடியில் சுத்திகரிப்பு ஆலையும் வந்தது. அந்தக் காலத்தில் பெரிய எதிர்ப்பு இல்லை. அரசு நிறுவனம், தேசத்தின் எண்ணெய், நாலு பேருக்கு வேலை என்றுதான் ஊர் நினைத்தது. 2010-இல் மன்னார்குடி மீத்தேன் தொகுப்பு கிரேட் ஈஸ்டர்ன் எனர்ஜி என்ற தனியார் நிறுவனத்துக்குக் கொடுக்கப்பட்டது. 691 சதுர கிலோமீட்டர். 2011 ஜனவரியில் மாநில அரசோடு ஒப்பந்தம். அப்போதுதான் ஊர்கள் விழித்தன.

மீத்தேனை எடுக்கும் முறையைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் தெருவுக்கு வரும் ஆபத்து அங்கேதான் இருக்கிறது. நிலக்கரிப் படுகைக்குள் மீத்தேன் வாயு, நீரின் அழுத்தத்தால் கரியோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த நீரை இறைத்து வெளியேற்றினால் அழுத்தம் குறையும், வாயு கரியை விட்டுப் பிரிந்து மேலே வரும். அதாவது வாயுவை எடுக்க வேண்டுமானால் முதலில் தண்ணீரை எடுத்தாக வேண்டும். வருடக்கணக்கில். கடலோரத்தில் இருக்கும் ஒரு சமவெளியில் அடிநீரை இப்படி இறைத்தால் உப்புநீர் உள்ளே வரும் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். வேதாரண்யம் பக்கத்துப் பாட்டிகளைக் கேட்டால் தெரியும்.

நீர்மட்டம் இறங்கினால் ஐந்து ஏக்கர் வைத்திருப்பவர் போரை இன்னும் ஆழப்படுத்துவார். கடன் வாங்கியாவது செய்வார். காலனித் தெருமுனையில் இருக்கும் கைப்பம்பை யார் ஆழப்படுத்துவது? ஊரில் முதலில் வற்றுவதும் முதலில் உப்பேறுவதும் அந்தக் கைப்பம்புதான். இறைத்த உப்புநீர் போய்ச் சேரும் இடமும் வடிகால் வாய்க்கால்தான். நத்தையும் நண்டும் மீனும் பிடித்து நம் பெண்கள் குழம்பு வைக்கும் வாய்க்கால் அது. சூழலியல் அறிக்கைகளில் ‘மேற்பரப்பு நீர்நிலை’ என்று எழுதப்பட்டிருக்கும்.

நம்மாழ்வார் அய்யா ஊர் ஊராகச் சென்று மீத்தேனுக்கு எதிராகப் பேசினார். அந்தப் பரப்புரையின் நடுவில்தான், 2013 டிசம்பர் 30 அன்று, பட்டுக்கோட்டை அருகே அத்திவெட்டியில் காலமானார். அவருடைய வேளாண்மைப் பார்வையில் சாதி பற்றிய கேள்வி போதிய அளவு இல்லை என்ற விமர்சனம் நமக்கு உண்டு. அதற்காக அந்த உழைப்பைக் குறைத்துப் பேச மாட்டோம். 2015-இல் மாநில அரசு மீத்தேன் திட்டத்துக்குத் தடை விதித்தது.

இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. 2017 பிப்ரவரி 15 அன்று ஒன்றிய அமைச்சரவைக் குழு, கண்டுபிடிக்கப்பட்ட சிறு வயல்கள் என்ற பெயரில் நாடு முழுவதும் 31 ஒப்பந்தப் பகுதிகளுக்கு ஒப்புதல் கொடுத்தது. புதுக்கோட்டை மாவட்டத்தின் நெடுவாசல் அதில் ஒன்று. மறுநாளே ஊர் உட்கார்ந்தது. காவிரித் தண்ணீர் சரியாக எட்டாத பகுதி அது. ஆழ்குழாய்க் கிணற்றை நம்பிப் பலாவும் பூவும் காய்கறியும் விளைவித்த மண். அடிநீர் போனால் எல்லாம் போகும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. வடகாடு, நல்லாண்டார்கொல்லை, கோட்டைக்காடு என்று போராட்டம் பரவியது. முதல் கட்டம் முடிந்து, மார்ச் இறுதியில் ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு, ஏப்ரலில் மறுபடி தொடங்கி மாதக்கணக்கில் நடந்தது. ஓ.என்.ஜி.சி. பெயரில் இருந்த குத்தகை புதிய நிறுவனத்தின் பெயருக்கு மாறவில்லை. திட்டம் அங்கே நின்றது. மாநில அரசின் கையெழுத்துக்கு எவ்வளவு வலு உண்டு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

அதே 2017 ஜூன் 30 அன்று கதிராமங்கலத்தில் குழாய் உடைந்து எண்ணெய் வயலில் பரவியது. கேட்ட மக்களுக்குத் தடியடி. பேராசிரியர் த. செயராமன் உள்ளிட்டவர்கள் சிறைக்குப் போனார்கள்.

இதுவரை சொன்னது பல மேடைகளில் கேட்டதுதான். இனி நம் மேடையில் மட்டும் பேசக்கூடியதைப் பேசுவோம்.

‘விவசாயிகள் போராட்டம்’ என்ற சொல் நமக்கு எப்போதும் கொஞ்சம் உறுத்தும். 2011 கணக்கெடுப்பின்படி திருவாரூர் மாவட்ட மக்களில் 34 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். தமிழ்நாட்டு மாவட்டங்களில் இதுவே அதிகம். அவர்களில் பெரும்பாலோர் நாற்று நட்டவர்கள், களை எடுத்தவர்கள், கதிர் அறுத்தவர்கள். பட்டா உள்ளவர் விவசாயி, அவர் நிலத்தில் வேலை செய்பவர் ‘ஆள்’. ‘எங்கள் மண்ணைக் காப்போம்’ என்று ஒலிபெருக்கியில் கேட்கும்போது, எங்கள் என்றால் யார் என்று காலனியில் ஒரு சிரிப்பு எழும். அந்தச் சிரிப்பில் நியாயம் இருக்கிறது.

நம் கூட்டங்களில் இளைஞர்கள் நேரடியாகவே கேட்கிறார்கள். கீழ்வெண்மணியில் 1968-இல் 44 பேர் எரிக்கப்பட்டது இந்த மண்ணில்தானே? கேட்டது கொஞ்சம் நெல் கூடுதல் கூலி. அந்த மண்ணைக் காப்பாற்ற நாம் ஏன் பந்தலில் உட்கார வேண்டும்? கம்பெனி வந்தால் காவல்காரன் வேலையாவது கிடைக்கும், மிராசுதார் வாசலில் நிற்க வேண்டாம். நவீனத் தொழிலும் நகரமும் தலித்துகளுக்கு விடுதலை என்று அம்பேத்கர் சொல்லவில்லையா? கிராமத்தை அவர் போற்றவில்லையே?

இந்தக் கேள்வியை ‘கம்பெனியின் கைக்கூலி’ என்று சொல்லி ஒதுக்குவது அயோக்கியத்தனம். பதில் சொல்ல வேண்டும். அம்பேத்கர் கிராமத்தைப் போற்றவில்லை என்பது சரி. ஆனால் நிலம் அரசுடைமையாக வேண்டும், அதைச் சாதி மத வேறுபாடில்லாமல் கூட்டுப்பண்ணையாகக் குத்தகைக்குக் கொடுக்க வேண்டும், நிலப்பிரபுவும் நிலமற்ற கூலியும் இல்லாத நிலை வர வேண்டும் என்று 1947-இல் ‘மாநிலங்களும் சிறுபான்மையினரும்’ என்ற அறிக்கையில் எழுதியவரும் அவர்தான். அவர் சொன்ன குத்தகையும் இவர்கள் எழுதும் குத்தகையும் ஒன்றா?

வேலைக் கணக்கையும் பார்ப்போம். துளையிடும் ரிக் சில மாதம் நிற்கும். அதை இயக்குபவர்கள் வெளியிலிருந்து வரும் பயிற்சி பெற்ற ஆட்கள். கிணறு உற்பத்திக்கு வந்துவிட்டால் வேலிக்குள்ளே ஆளே வேண்டாம், வாசலில் ஒரு காவலாளி போதும். அதுவும் ஒப்பந்தக்காரரின் கீழ். ஒரு வயலில் நடவும் களையும் வருடத்தில் தரும் வேலை நாட்களை இது ஈடுகட்டாது. அறுவடை இயந்திரம் வந்து ஏற்கெனவே பாதி வேலை போய்விட்டது என்பதும் உண்மை. மிச்சப் பாதியையும் விட்டுவிடுவதற்கு அது காரணமாகாது.

நட்ட ஈட்டில்தான் அநீதி அப்பட்டமாகத் தெரிகிறது. 2013-ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம், எடுக்கப்படும் நிலத்தை நம்பி மூன்று ஆண்டுகள் வாழ்ந்த விவசாயக் கூலிகளையும் குத்தகைதாரர்களையும் ‘பாதிக்கப்பட்ட குடும்பம்’ என்று ஏற்றுக்கொள்கிறது. நம் மக்கள் கையில் இருக்கும் நல்ல ஆயுதங்களில் அது ஒன்று. ஆனால் கிணறு தோண்ட வரும் நிறுவனம் நிலத்தை ‘எடுப்பதில்லை’. பட்டாதாரரிடம் சில ஆண்டுகளுக்கு வாடகைக்குப் பேசிக்கொள்கிறது. நில எடுப்பு இல்லை என்றால் பாதிக்கப்பட்ட குடும்பமும் இல்லை. பட்டாதாரருக்கு வாடகை வரும். அந்த வயலில் தலைமுறையாக நட்ட பெண்ணுக்கு ஒரு காகிதமும் வராது. குழாய் பதிப்பதற்கு 1962-ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருக்கிறது. நிலம் உங்களுடையதே, பயன்படுத்தும் உரிமை மட்டும் எங்களுக்கு என்கிறது அது. குழாய்க்கு மேலே வீடு கட்டக்கூடாது, கிணறு வெட்டக்கூடாது, மரம் வைக்கக்கூடாது. இரண்டு சென்ட் மனையில் ஓலைக் கொட்டகை போட்டிருப்பவருக்கு இந்த மூன்றும் இல்லாமல் நிலம் எதற்கு?

புறம்போக்கு என்பதை ஒரு வசைச்சொல்லாக ஆக்கியிருக்கிறோம். ஊருக்குப் புறம்பே போன நிலம், அதில் கிடப்பவன் புறம்போக்கு. வரி விதிக்க முடியாத நிலத்துக்கு வருவாய்த் துறை வைத்த பெயர் இது. அதற்குள் என்னென்ன இருக்கிறது? மேய்ச்சல் தரை, களம், குளக்கரை, வாய்க்கால் படுகை, மந்தைவெளி, சுடுகாடு, சுடுகாட்டுக்குப் போகும் பாதை. ஆடு வளர்ப்பதும், கோரை அறுப்பதும், சுள்ளி பொறுக்குவதும், வயல் எலி பிடிப்பதும், பிணத்தைப் புதைப்பதும் நம் மக்களுக்கு இங்கேதான். நூறு நாள் வேலையின் தூர்வாரலும் இங்கேதான் நடக்கிறது. பல காலனி வீடுகளே புறம்போக்கில் நிற்கின்றன. ஆண்டுதோறும் ‘பி மெமோ’ வாங்கி அபராதம் கட்டுகிறோம். அந்த மெமோவை ஏதோ பட்டா போலத் தகரப் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கும் பெரியவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சோ. தர்மனின் ‘சூல்’ ஒரு கண்மாயை மையமாக வைத்து ஒரு ஊரின் வாழ்க்கையைச் சொன்னது. ஒரு மேய்ச்சல் புறம்போக்கை மையமாக வைத்து டெல்டாச் சேரியின் நாவல் ஒன்று நமக்கு வேண்டும்.

திட்டம் எதுவாக இருந்தாலும் முதலில் கைவைக்கப்படுவது புறம்போக்கு. காரணம் எளிது. பட்டா நிலமென்றால் உடமைக்காரரோடு பேச வேண்டும், விலை கொடுக்க வேண்டும். புறம்போக்கில் வகைமாற்றம் செய்து ஒரு கோப்பு நகர்ந்தால் போதும். அசாமின் பாக்ஜானில் 2020 மே 27 அன்று எரிவாயுக் கிணறு வெடித்துப் பீறிட்டது, ஜூனில் தீப்பிடித்தது, முழுதாக அடங்க நவம்பர் ஆனது. அருகில் இருந்தது மகுரி சதுப்பு ஏரி, மீன் பிடித்து வாழ்ந்தவர்களின் பொதுச் சொத்து. ஏரிக்குப் பட்டா வைத்திருந்தவர் யாருமில்லை. அதை நம்பி வாழ்ந்தவர்கள் தங்கள் இழப்பை எந்தச் சர்வே எண்ணைக் காட்டி நிரூபிப்பார்கள்?

பஞ்சமி நிலத்துக்கு வருவோம். 1891-இல் செங்கல்பட்டு ஆட்சியர் டிரமென்கீர் எழுதிய அறிக்கையும், அதைத் தொடர்ந்த 1892-ஆம் ஆண்டு அரசாணையும் நமக்கு மனப்பாடம். பத்தாண்டுகள் விற்கக்கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே விற்கலாம், மீறினால் செல்லாது. இன்று அந்த நிலங்களில் பெரும்பகுதி யார் பெயரில் இருக்கிறது என்பதும் தெரியும். டெல்டாவில் ஒரு நிறுவனம் கிணறு தோண்ட நிலம் பேசும்போது, அந்தச் சர்வே எண் பழைய ஏட்டில் பஞ்சமியா என்று யார் பார்க்கிறார்கள்? ஆக்கிரமித்தவர் கையெழுத்துப் போட்டால் அவருக்கு வாடகை. அதோடு, அந்த ஆக்கிரமிப்புக்கு ஒரு புதிய அத்தாட்சியும் கிடைத்துவிடுகிறது.

இனி கிராம சபை. ஒடிசாவின் நியமகிரியில் 2013-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு 12 கிராம சபைகள் கூடி பாக்சைட் சுரங்கத்தை மறுத்தன. அங்கே அட்டவணைப் பகுதிச் சட்டமும் வன உரிமைச் சட்டமும் துணை நின்றன. டெல்டாவின் சேரிக்கு இரண்டும் இல்லை. நம்மிடம் இருப்பது ஊராட்சிச் சட்டத்தின் சாதாரண கிராம சபை. அதன் தீர்மானம் நிறுவனத்தைச் சட்டப்படி கட்டுப்படுத்தாது. ஆனாலும் தீர்மானம் வேண்டும், அது ஆவணம். 2020-இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலித் பெண் ஊராட்சித் தலைவர் கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்ட படம் வெளியானது நினைவிருக்கும். தலைவருக்கே நாற்காலி இல்லாத சபையில் காலனிக் கைம்பெண்ணின் ‘வேண்டாம்’ எப்படிப் பதிவாகும்? சுற்றுச்சூழல் போராளிகள் கிராம சபை அதிகாரத்தைப் பற்றி உருக்கமாகப் பேசும்போது இதையும் சேர்த்துப் பேசச் சொல்லி நாம் வற்புறுத்த வேண்டும்.

அந்த மிச்சச் சொச்ச வாய்ப்பையும் சுருக்கினார்கள். 2020 ஜனவரி 16 அன்று ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகம் அறிவிக்கையைத் திருத்தி, எண்ணெய், எரிவாயு ஆய்வுக் கிணறுகளுக்கு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் வேண்டாம் என்றாக்கியது. அடுத்த மாதமே தமிழ்நாடு சட்டமன்றம் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தை நிறைவேற்றியது. தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்களிலும், கடலூர், புதுக்கோட்டையின் சில ஒன்றியங்களிலும் புதிதாக எண்ணெய், எரிவாயு எடுக்கத் தடை. இது போராட்டத்தின் வெற்றி, சந்தேகமில்லை. ஆனால் ஏற்கெனவே நடக்கும் கிணறுகளை அது தொடவில்லை. குழாய்ப் பாதைகளுக்கும் விலக்கு. மண்டலத்தின் கோட்டுக்கு வெளியே இருப்பவர்கள் வெளியேதான். 2021 ஜூனில் புதுக்கோட்டை வடதெருப் பகுதி ஏலப் பட்டியலில் வந்தபோது முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. இன்னொன்று, அது நிலத்தின் பயன்பாட்டைக் காக்கும் சட்டம், நிலம் யாருக்கு என்பதைத் தொடாத சட்டம். வயல் வயலாகவே இருக்கும். அதில் நிற்கும் கூலியும் கூலியாகவே இருப்பான்.

ஆகவே நம் நிலைப்பாட்டை ஒளிவு மறைவில்லாமல் சொல்லிவிடுகிறோம். இந்தக் குத்தகைகளை எதிர்க்கிறோம், மிராசுதாரின் வயலுக்காக அல்ல, கைப்பம்புக்காகவும் வாய்க்காலுக்காகவும் சுடுகாட்டுப் பாதைக்காகவும். போராட்டப் பந்தலுக்கு வருவோம், ஆனால் கோரிக்கைப் பட்டியலில் பஞ்சமி நில மீட்பும், கூலிகளுக்கு நேரடி இழப்பீடும், புறம்போக்கில் குடியிருப்போருக்குப் பட்டாவும் எழுதப்பட்டிருக்க வேண்டும். பின்னால் சேர்த்துக்கொள்ளலாம் என்றால் பின்னால் வருவோம். சில நண்பர்கள் இதைப் பிளவு வேலை என்பார்கள். ஊருக்கும் சேரிக்கும் நடுவே பிளவை நாம் உண்டாக்கவில்லை, அது நாம் பிறப்பதற்கு முன்பே தெருவாகப் போடப்பட்டிருக்கிறது.

மன்றத்தின் தோழர்களிடம் ஒரு வேலை கேட்கிறோம். ஒவ்வொருவரும் தங்கள் ஊரின் புறம்போக்குகளை ஒரு நோட்டில் எழுதுங்கள். சர்வே எண், வருவாய்க் கணக்கில் என்ன வகை, மக்கள் வாயில் அதற்கு என்ன பெயர், யார் ஆடு மேய்க்கிறார்கள், யார் கோரை அறுக்கிறார்கள், யாரைப் புதைத்திருக்கிறார்கள். பழைய ‘ஏ’ பதிவேட்டைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். வயதானவர்கள் இருக்கும்போதே அவர்களை உட்கார வைத்துக் கேளுங்கள், எல்லைக்கல் எங்கே இருந்தது என்று அவர்களுக்குத்தான் தெரியும். நவம்பர் 1 கிராம சபைக்கு அந்த நோட்டோடு போய், அதில் உள்ளதைப் படித்துக் காட்டி, தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள். மறுத்தால், மறுத்ததை எழுதிக் கையெழுத்துக் கேளுங்கள். அடுத்த ஆண்டு இதே நாளில் கூடும்போது அந்த நோட்டுகளை இந்த மேசையில் வைப்போம்.